கடற்பூ வரைந்த பேராசிரியர்

கரைவலையை இழுத்து முடித்து, மீனைத் தெரிந்தெடுத்துக் கூடைகளில் இட்டுத் தோணிக்காரர் வீடு திரும்பிய பின்னர்ப் பெரியநீலாவணைக் கடற்கரையில் எஞ்சிக் கிடப்பவை பல. அறுந்த கயிற்றுத் துண்டு, சிப்பி, நண்டின் ஓடு, விலைபோகாத சிறு மீன். இவற்றிடையே கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு பிராணி. ஊரவர் அதனைச் சொறி என்பர். தொட்டால் தடிக்கும், அரிக்கும். ஆகவே வலையிலிருந்து அதனை எடுப்போர் முகத்தைச் சுளித்துக்கொண்டே எறிவர். பாடநூல் எழுதியோர் இழுதுமீன் என்று அதற்குப் பெயரிட்டனர். காலையில் ஒளி ஊடுருவும் கிண்ணமாகக் கிடப்பது உச்சிப்பொழுதில் மணலிலே ஓர் ஈரத் தழும்பாகிவிடும். அதன் உடலிற் பெரும்பகுதி நீரே. எஞ்சிய சிறுபகுதியும் வெயிலுக்கு நிற்பதில்லை.

கவிஞர் நீலாவணன் (1931–1975) தம் புனைபெயராக ஏற்றுப் பெருமைப்படுத்திய ஊர் இது என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். அவருடைய வேளாண்மை என்னும் காவியம் வயலின் வாழ்வைச் சொல்வது. வயலுக்குக் கவிஞர் கிடைத்த இவ்வூரில், கரையிற் கிடக்கும் சொறியைப் பாடுதற்கு எவரும் இருந்ததில்லை. அதனை எழுதத் துணிந்தவர் மிகத் தொலைவில், கடலே இல்லாத ஜேர்மானிய நகரொன்றில் வாழ்ந்தார். அவர் எழுதியது கவிதையன்று; படம். அவர் பெயர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். விலங்கியற் பேராசிரியர், டார்வினின் கூர்ப்புக் கொள்கையை ஜேர்மனியில் முழங்கியவர், நம் இலங்கைக்கு வந்து, வெலிகமை வாடிவீட்டில் ஆறு கிழமை தங்கிச் சென்றவர். அவர் வரைந்த உயிர்வடிவங்களைப் பார்த்தே பாரிஸ் நகரில் மனிதர் நுழைந்து செல்லும் மாபெரும் ஒளிவாயில் ஒன்று எழுந்தது. சித்திரம் கற்பிக்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், அவருடைய வாழ்வை நான் அறிந்த அளவிற் கூற விழைகின்றேன். வியப்போடு மட்டும் கூற இயலாத வாழ்வு அது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றேன்.

ஹெக்கல் 1834 ஆம் ஆண்டு பெப்ரவரி 16 ஆம் நாள் பொட்ஸ்டாம் நகரிற் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். குடும்பம் மெர்செபர்க் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது; அங்கேயே சிறுவன் வளர்ந்தான். செடிகொடிகளைச் சேர்த்து உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கும் பழக்கம் அவனுக்கு இளமையிலேயே வாய்த்தது. இதில் நினைவில் நிறுத்தத் தக்க செய்தி ஒன்றுண்டு. சிறுவன் வைத்திருந்த செடித்தொகுப்புக்கள் இரண்டு. முதலாவது, பிறருக்குக் காட்டுவதற்கு; நூல்கள் வகுத்த இலக்கணத்திற்கு அச்சொட்டாகப் பொருந்திய செடிகள் அதில் இடம்பெற்றன. இரண்டாவது, ஒளித்து வைத்திருந்தது; இந்த இனமா அந்த இனமா என்று சொல்ல முடியாத, இரண்டுக்கும் இடையில் நின்ற செடிகள் அதிற் சேர்ந்தன. இனங்கள் மாறா என்று ஆசிரியர்கள் கற்பித்த காலம் அது. மாறுகின்றன என்பதற்குச் சான்று அச்சிறுவனின் மேசை அறையிலே உறங்கிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் அவர் செய்தவற்றின் சிறப்பும் குறையும் இவ்விரு தொகுப்புக்களிலேயே முளைவிட்டிருந்தன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒழுங்கானதை முன்னே வைக்கும் ஆசை ஒரு பக்கம். ஒழுங்கை மீறுவதிற் கொண்ட ஈர்ப்பு மறுபக்கம்.

தந்தையின் விருப்பப்படி வைத்தியம் படிக்க வூர்ட்ஸ்பர்க், பெர்லின் ஆகிய நகரங்களுக்குச் சென்றார். நோயாளிகள் அவரைக் கவரவில்லை, நுணுக்குக்காட்டி கவர்ந்தது. 1854 இல் யொஹான்னஸ் மூல்லர் என்னும் பேராசான் அவரை ஹெலிகோலாந்து தீவிற்கு அழைத்துச் சென்று, கடலின் மேற்பரப்பில் மெல்லிய வலையை இழுத்து, அதில் அகப்படும் கண்ணுக்குத் தெரியா உயிர்களைக் கண்ணாடிக் குவளையில் இட்டுக் காட்டினார். நம்மவர் கரைவலையில் வீசி எறிவனவற்றை அவர் மென்வலையில் தேடிப் பிடித்தார் என்க. அன்று ஹெக்கலைப் பற்றிய கடற்பித்து இறுதிவரை விட்டதில்லை. 1857 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். நோயாளரைப் பார்க்கும் நேரம் அதிகாலை ஐந்து மணி முதல் ஆறு மணிவரை என்று அறிவித்தார். அந்த நேரத்தில் வைத்தியரைத் தேடி எவர் வருவர்? அவர் எதிர்பார்த்ததும் அதுவே.

1859 இல் இத்தாலிக்குப் போனார். அங்கே அவர் வாழ்வு ஏறக்குறைய வேறு திசையிற் சென்றிருக்கும். ஹெர்மன் அல்மர்ஸ் என்னும் கவிஞருடைய நட்புக் கிடைத்தது. இருவரும் கைகோத்து இஸ்கியா, காப்ரி தீவுகளில் அலைந்தனர். ஹெக்கல் நாள்முழுதும் நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார். விஞ்ஞானத்தைத் துறந்து நிலக்காட்சி ஓவியராகிவிடலாமா என்று அவர் தத்தளித்த மாதங்கள் அவை. அந்தத் தத்தளிப்பைத் தீர்த்து வைத்தது மெசீனாத் துறைமுகத்துக் கடல்நீர். அவ்வாண்டு மாரிக்காலத்தில் அங்கே அவர் ரேடியோலேரியா எனப்படும் நுண்ணுயிர்களை ஆராயத் தொடங்கினார்.

இவ்வுயிரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒரேயொரு கலத்தாலான உயிர் அது. கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்துத் தன்னுடலுக்குள்ளே ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கின்றது. அக்கூடு ஒன்றுக்குள் ஒன்றாய் அமைந்த சல்லடைக் கோளங்களாகவும், முட்கள் நீண்ட விண்மீனாகவும், கோபுரக் கலசமாகவும், கூண்டாகவும் பலநூறு வடிவங்களில் அமையும். உயிர் போனதும் கூடு மெல்ல ஆழத்திற்கு இறங்கி அடித்தளச் சேற்றோடு சேரும். ஆழ்கடல் அடியிற் பெரும் பரப்புக்கள் இக்கூடுகளாலேயே மூடப்பட்டுள்ளன. நம் வீட்டு வாசலிற் புள்ளி வைத்துக் கோலம் போடும் பெண்ணுக்கும், மருதமுனைத் தறியில் நூலை எண்ணி எண்ணிக் கரைபோடும் நெசவாளிக்கும் இக்கூடுகளைக் காட்டினால், இவற்றை எண்ணியவர் யார் என்றுதான் முதலிற் கேட்பார்கள். எண்ணியவர் எவருமிலர் என்பதுதான் வியப்பு.

மெசீனாவில் மட்டும் இத்தகைய புதிய இனங்கள் 144 ஐ ஹெக்கல் கண்டறிந்தார். ஒரு கண்ணை நுணுக்குக்காட்டியிலும் மறு கண்ணைத் தாளிலும் வைத்து ஒரே நேரத்திற் பார்த்து வரையும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. 1862 இல் 35 செப்புத்தட்டுப் படங்களுடன் அவருடைய ரேடியோலேரியா நூல் வெளிவந்தது. யேனாப் பல்கலைக்கழகத்திற் பதவி கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், நெடுநாள் நேசித்த உறவினளான அன்னா சேதே என்பவளை மணந்தார்.

இல்வாழ்க்கை ஓராண்டும் ஆறு மாதங்களும் நீடித்தது. 1864 பெப்ரவரி 16 ஆம் நாள், ஹெக்கலுக்கு முப்பது வயது நிறைந்த அதே நாளில், சொற்ப நாள் நோயில் அன்னா இறந்தாள். ரேடியோலேரியா நூலுக்காக அவருக்குப் பதக்கம் வழங்கப்பட்ட செய்தியும் அவ்வேளையிலேயே வந்து சேர்ந்தது. அதன் பின்னர் வந்த பிறந்தநாள் ஒவ்வொன்றும் அவருக்குத் துக்கநாளாயிற்று. அறிவு கலங்கிக் கிடந்தவரைப் பெற்றோர் தென்பிரான்சிலுள்ள நீஸ் நகருக்கு அனுப்பினர். அங்கே ஒரு நாள் பாறைகளுக்கிடையே தேங்கிய கடல்நீரில் ஓர் இழுதுமீனைக் கண்டார். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து தொங்கிய மெல்லிய இழைகள் பொன்னிறமாய் நீரில் அசைந்தன. அவருக்கு அன்னாவின் கூந்தல் நினைவிற்கு வந்தது. குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இனத்திற்கு அன்னாவின் பெயரையே சூட்டினார். பல ஆண்டுகளின் பின், வேறொருத்தி மனையாளாயிருந்த காலத்திலும், அதனிலும் அழகிய மற்றோர் இழுதுமீனுக்கு டெஸ்மோனெமா அன்னாசேதே என்று முழுப்பெயரையுமே வைத்தார். விஞ்ஞானத்தின் பெயர்ப்பட்டியலில் ஒரு புலம்பல் இவ்வாறு இடம்பிடித்தது.

கதை இவ்விடத்தில் என்னைத் தொடுவதற்குக் காரணமுண்டு. 2004 திசம்பர் 26 ஆம் நாட் காலையில் கடல் எங்கள் கரையூர்களில் ஏறியது. இலங்கையில் அன்று மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அதற்குச் சில ஆண்டுகளின் பின், பாடசாலை ஒன்றில், ஹெக்கலின் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, ஒரு மண்டபத்தையே கடலின் உட்புறமாக ஆக்கிப் பார்க்கலாம் என்று எண்ணினேன். எண்ணெய்த்தாள், பழைய வலை, வெற்றுப் போத்தல், தென்னோலை ஈர்க்கு, ஊசிநூல், செலவு அதிகமில்லை. யன்னல்களை நீலத்தாளால் மறைத்தோம். கூரையிலிருந்து இழுதுமீன்களும் நட்சத்திர உயிர்களும் தொங்கின. உள்ளே சென்றவர் தலையைத் தொட்டுக்கொண்டு அவை அசைந்தன. பிள்ளைகள் மகிழ்ந்தனர். ஒரு சிறுமி மட்டும் வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. கைகள் இரண்டையும் பின்னே கட்டிக்கொண்டு, நீல வெளிச்சத்தைப் பார்த்தவாறே நின்றாள். காரணத்தை அவள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. அன்னாவை இழந்த ஹெக்கலுக்குக் கடல் ஆறுதலைத் திருப்பிக் கொடுத்ததென்றால், அன்னாவை எடுத்தது கடலன்று என்பதை அந்த வாசலிலேதான் நான் உணர்ந்தேன். மறுநாள் யன்னல் நீலத்தாளைக் கழற்றிவிட்டு வெயிலை உள்ளே விட்டோம். கடல் போய்விட்டது, வடிவங்கள் மட்டும் நின்றன. அன்று அவள் உள்ளே வந்தாள். மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மனைவி இறந்தபின் ஹெக்கல் தம்மை வேலையிற் புதைத்துக்கொண்டார். நாளொன்றுக்குப் பதினெட்டு மணிநேரம் எழுதினார் என்பர். 1866 இல் வெளிவந்த பொது உருவவியல் என்னும் இருதொகுதி நூல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது, படிப்பதற்குக் கடினமானது. உயிர்கள் தம் சூழலோடு கொள்ளும் உறவை ஆராயும் துறைக்கு அந்நூலிலேயே அவர் ஒரு புதுப்பெயர் தந்தார். நாம் இன்று சூழலியல் என்று வழங்குவது அதனையே. கோதே என்னும் மகாகவி தாவரத்தின் இலையே உருமாறி இதழாகவும் கேசரமாகவும் ஆகின்றது என்று 1790 இலேயே எழுதியிருந்தார். அக்கவி யேனாவிற் பழகித் திரிந்தவர். கோதே கண்ட உருமாற்றத்தையும் டார்வின் கண்ட கூர்ப்பையும் ஒரே இழையிற் கோக்க முயன்றார் ஹெக்கல். அவ்வாண்டு ஒக்டோபரில் இங்கிலாந்து சென்று டார்வினை அவர் இல்லத்திலேயே கண்டு வணங்கினார். 1867 இல் அக்னஸ் ஹுஷ்கே என்பவரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். அந்த இல்லறத்தில் இன்பம் குறைவு என்பதே வரலாற்றாசிரியர் பலர் கருத்து.

இனி நம் நாட்டுக்கு அவர் வந்த கதை. 1881 ஒக்டோபரில் திரியெஸ்த் துறைமுகத்தில் ஹீலியோஸ் என்னும் கப்பலேறி, நவம்பர் 21 இற் கொழும்பை அடைந்தார். நுணுக்குக்காட்டிகள், கண்ணாடிக் குப்பிகள், மதுசாரம், வலைகள், ஓவியச் சாமான்கள் என்று பெட்டி பெட்டியாய்க் கொண்டுவந்தார். முகத்துவாரத்தருகே ஒரு மாளிகையில் தங்கினார். பேராதனைப் பூங்காவை அதன் அதிபர் திரைமன் என்பாருடன் சுற்றிப் பார்த்து, வெப்பநாட்டு மரங்களின் முன் குழந்தையைப் போல நின்றார். பின்னர்க் காலி வழியாக வெலிகமைக்குச் சென்றார். அங்கிருந்த வாடிவீடே அவருடைய ஆய்வுகூடமாயிற்று.

வாடிவீட்டுக் காப்பாளராயிருந்த முதியவரின் முகம் கிரேக்க ஞானி சோக்கிரதீசின் சிலையை ஒத்திருந்ததாம். ஆகவே அவரைச் சோக்கிரதீஸ் என்றே அழைத்தார். அவருக்கு ஏவல் செய்த சிறுவன் கமமேத என்பவன். தேவருக்கு அமுதம் பரிமாறிய கனிமீட் என்னும் கிரேக்கச் சிறுவனின் பெயரை அவனுக்குச் சூட்டினார். கமமேத றொடிய சாதியிற் பிறந்தவன். ஊரார் தீண்டத் தயங்கிய பிள்ளை. வலை வீசுவது, குப்பிகளைக் கழுவுவது, காட்டிற் புகுந்து பூச்சி தேடுவது யாவற்றிலும் அவன் துணையாயிருந்தான். சாதிக் கட்டினைப் பொருட்படுத்தாமல் அவனை அருகில் வைத்துப் பேசினார் ஹெக்கல். பிரியும் நாளில் சிறுவன் அழுதான்; பேராசிரியரும் கலங்கினார். தமது பயணநூலில் அவர் மிகுந்த அன்போடு எழுதிய பகுதிகளில் அதுவும் ஒன்று.

ஆராய்ச்சி நினைத்தபடி நடக்கவில்லை. மத்தியதரைக் கடலிற் பிடித்த மென்னுயிர்களை நாள்முழுதும் வைத்துப் பார்க்க முடிந்தவருக்கு, வெலிகமை வெயிலில் அவை சிறிது நேரத்திற்குள் மாண்டு கரைந்து கூழாயின. ஈரமும் எறும்பும் சேர்ந்து சேகரிப்புக்களை நாசமாக்கின. நம் கரைச் சிறுவன் எவனும் முன்கூட்டியே சொல்லியிருப்பான், சொறி வெயிலுக்கு நிற்காது என்று. ஆனால் ஓவியம் நின்றது. தென்னையும் தாழையும் ஆலும் கடலும் அவருடைய நீர்வண்ணத்தில் நூற்றுக்கணக்கிற் பதிந்தன. ஹோட்டன் சமவெளிவரை மலைநாட்டையும் கண்டபின் 1882 மார்ச்சில் நாடு திரும்பினார். இந்தியப் பயணக் கடிதங்கள் என்னும் அவருடைய நூல் ஐரோப்பியருக்கு இலங்கையை ஒரு பச்சைக் கனவாகக் காட்டிற்று.

திரும்பிய கையோடு யேனாவில் ஒரு வீடு கட்டினார். அதற்கு வில்லா மெடூசா என்று பெயர். மெடூசா என்பது விஞ்ஞானிகள் இழுதுமீனுக்கு இட்ட கிரேக்கப் பெயர். பாம்பையே கூந்தலாகக் கொண்ட அரக்கியின் பெயர் அது. வீட்டு மேற்கூரையில் இழுதுமீன் வடிவங்கள் தீட்டப்பட்டன. அவற்றின் கீழ் உணவு உண்டு, உறங்கி, எழுதி வாழ்ந்தார். மனிதன் உயிர்வடிவங்களால் தன்னைச் சூழ வைத்துக்கொள்ளும் கலை இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. இருண்ட கூடங்களில் ஒளிப்படத்தை நாற்புறமும் வீழ்த்தி, பார்ப்பவரைக் கடலடியில் நிறுத்துகின்றனர். பூ மீனாகவும் மீன் பறவையாகவும் சுவரில் உருமாறுகின்றன. அவர்களிற் பலர் ஹெக்கலின் படங்களையே புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அக்கலையின் பழைய வீடுகளில் ஒன்று வில்லா மெடூசா.

இதற்கிடையே சலஞ்சர் என்னும் ஆங்கிலக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைத் துழாவிக் கொண்டுவந்த ஆழ்கடற் சேறு அவரிடம் வந்தது. அதனைச் சலித்துச் சலித்துப் பத்தாண்டுகள் ஆராய்ந்து 1887 இல் வெளியிட்ட அறிக்கையில் புதிய ரேடியோலேரியா இனங்கள் 3,500 க்கு மேற்பட்டவற்றை விவரித்தார், படத்தட்டுக்கள் 140. ஒரு மனிதனின் கை இத்தனையும் செய்ததா என்று மலைப்பு உண்டாகின்றது.

இவ்வெல்லாவற்றின் சாரமாக 1899 முதல் 1904 வரை, பத்துப் பத்துப் படங்களாக, இயற்கையின் கலைவடிவங்கள் என்னும் தொகுப்பு வெளிவந்தது. மொத்தம் நூறு படங்கள். ஹெக்கல் வரைந்தவற்றைக் கல்லில் ஏற்றி வண்ணம் பிரித்து அச்சேற்றியவர் அடோல்ஃப் கில்ச் என்னும் கைவினைஞர். அவர் பெயரைச் சொல்லாமல் இப்படங்களைப் புகழ்வது, தச்சனை மறந்து தேரைப் புகழ்வது போலாகும். எட்டாவது படத்தின் நடுவே அன்னாவின் பெயர் பூண்ட இழுதுமீன், கூந்தல் அவிழ்ந்து பரந்தாற்போல இழைகளை விரித்து மிதக்கின்றது.

பாரிஸ் நகரில் 1900 ஏப்ரலிற் பெரும் உலகக் கண்காட்சி திறந்தது. அதன் தலைவாயிலை அமைக்கும் பொறுப்பு ரெனே பினே என்னும் கட்டடக் கலைஞருக்கு. அவர் ஹெக்கலின் ரேடியோலேரியாப் படங்களில் ஊறியவர்; தமது வாயிலின் அமைப்பு முழுவதும் அப்படங்களிலிருந்தே பிறந்ததென ஹெக்கலுக்குக் கடிதமும் எழுதினார். மூன்று பெரும் வளைவுகள் ஒரு குவிமாடத்தைத் தாங்கின. சுவரெங்கும் சல்லடைக் கண்கள். அவற்றுள் வண்ண மின்விளக்குகள் ஆயிரமாயிரம். மின்சாரமே புதுமையாயிருந்த காலம் அது. இரவில் குவிமாடத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தவர், ஊசிமுனையிற் பல அடங்கும் ஓர் உயிரின் கூட்டிற்குள்ளே தாம் நிற்பதாக அறிந்தாரோ இல்லையோ, நின்றது அங்கேதான். கண்காட்சிக்கு வந்தோர் தொகை சுமார் 5 கோடி. அவ்வாயிலை அடுப்போடு ஒப்பிட்டு ஏளனம் செய்தோரும் இருந்தனர். கண்காட்சி முடிந்ததும் அதனை இடித்துவிட்டார்கள். கரையில் ஒதுங்கிய சொறியைப்போல அதுவும் தடமின்றிப் போயிற்று. நிலைத்தது வேறிடத்தில்: 1910 இல் திறந்த மொனாக்கோக் கடலியல் அரும்பொருளகத்தில், ஹெக்கலின் இழுதுமீனைப் பார்த்துச் செய்த கண்ணாடிச் சரவிளக்குக் கூரையிலிருந்து தொங்குகின்றது.

மறுபக்கத்தை இனியும் தள்ளிப்போட இயலாது. 1868 இல் வெளிவந்த இயற்கைப் படைப்பு வரலாறு என்னும் நூலில் நாய், கோழி, ஆமை ஆகியவற்றின் இளமுளையங்கள் ஒன்றுபோலிருக்கும் என்று காட்ட, மூன்று படங்களை அருகருகே அச்சிட்டார். அவை ஒன்றுபோல இருந்ததற்குக் காரணம் எளியது: ஒரே மர அச்சு மூன்று முறை பதிக்கப்பட்டிருந்தது. சக விஞ்ஞானிகள் கண்டுபிடித்துக் கண்டித்தனர். மறு பதிப்பில் அதனை நீக்கினார். ஆயினும் கறை நீங்கவில்லை. 1908 இலும் இத்தகைய குற்றச்சாட்டு எழுந்தது. சில படங்களில் விடுபட்ட இடங்களை ஊகித்து நிரப்பியதுண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். உயிரி கருவில் வளரும்போது தன் மூதாதையர் கடந்த வடிவங்கள் யாவற்றையும் திரும்ப நடித்துக் காட்டுகின்றது என்ற அவரது விதியும் அவர் சொன்ன உருவில் இன்று ஏற்கப்படுவதில்லை. அழகிய படங்களிலுங்கூட, இயற்கையில் இருப்பதைவிட ஒழுங்கு சற்று மிகுந்திருக்கின்றது என்பர் அறிந்தோர். பிறருக்குக் காட்டும் செடித்தொகுப்பை விட்டு அவர் கை இறுதிவரை விலகவில்லை போலும்.

இதனினும் கசப்பானது ஒன்றுண்டு. அதே நூலின் பிற்பதிப்புக்களில் மனிதரைப் பன்னிரண்டு இனங்களாக, அதாவது பன்னிரண்டு வெவ்வேறு உயிரினங்களாகவே, பிரித்து ஏணிப்படியாக நிறுத்தினார். உச்சிப் படியில் மத்தியதரை மனிதர். அவர்களுள்ளும் தம்மவரான இந்தோ ஜேர்மானியர் முதலிடத்தில். கீழ்ப்படிகளிற் பப்புவரும் ஆபிரிக்க மக்களும். திராவிடர் என்பதும் அப்பட்டியலில் தனியானதோர் இனம். எம்மையும் குப்பியில் இட்டுப் பெயரெழுதி ஒட்டிவிட்டார் என்று அதனைப் படித்த அன்று நினைத்தேன். பிணியாளரையும் ஊனமுற்ற சிசுக்களையும் பற்றி அவர் எழுதியவை நெஞ்சம் நடுங்க வைப்பவை. அவர் மறைந்த பின்னர் ஜேர்மனியில் இனவெறியைக் கொள்கையாக்கியோர் அவரைத் தமக்குத் துணையாகக் காட்டிக்கொண்டதும் உண்டு.

அன்பர் சிலர், அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று சொல்லி இதனைக் கடந்துவிடுவர். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. கமமேதவைத் தம் அருகில் இருத்திய கை அது. ஊர் விலக்கிய பிள்ளையின் கண்ணில் நீர் கண்டு கலங்கிய மனிதர், வீடு திரும்பி, அச்சிறுவனின் மக்களைத் தமக்குக் கீழ்ப்பட்ட படியிலேயே விட்டுவைத்தார். இடையில் நின்ற செடிகளை ஒளித்துப் போற்றிய சிறுவன், மனிதர் என்று வந்தபோது அந்த ஒளித்த தொகுப்பைத் திறக்க மறந்தான். உருமாற்றமே உலகின் இயல்பென்று போதித்தவர் மனிதரை மட்டும் மாறாப் படிகளில் அறைந்து வைத்தது ஏன் என்ற வினாவை மாணவர் முன் வைப்பதன்றி நான் விடை சொன்னதில்லை.

கடைசி ஆண்டுகளை விரைந்து சொல்லிவிடலாம். 1899 இல் வெளிவந்த பிரபஞ்சப் புதிர் என்னும் நூல் பல இலட்சம் பிரதிகள் விற்றது. 1900 இல் ஜாவா, சுமாத்திரா தீவுகளுக்குச் சென்று வந்தார். 1906 இல் கடவுளையும் இயற்கையையும் ஒன்றெனக் கொள்ளும் சங்கமொன்றை யேனாவில் நிறுவினார்; திருச்சபையாருடன் தீராத வழக்காடினார். கூர்ப்பை விளக்குவதற்கென்றே அந்நகரில் ஓர் அரும்பொருளகத்தை எழுப்பினார். 1909 இல் ஓய்வுபெற்றார். 1914 இல் மகாயுத்தம் மூண்டபோது, ஜேர்மனியின் செயலுக்கு ஆதரவாக அறிஞர் 93 பேர் விடுத்த அறிக்கையில் அவரும் ஒப்பமிட்டார். 1915 இல் அக்னஸ் இறந்தார். 1917 இல் எழுதிய இறுதி நூலில், உயிரற்றதென நாம் கருதும் பளிங்கிற்கும் உயிருணர்வு உண்டென வாதித்தார். மெசீனாவிற் கண்ட கண்ணாடிக் கூடுகள் எண்பத்துமூன்று வயதிலும் அவரை விட்டிருக்கவில்லை. 1919 ஆகஸ்டு 9 ஆம் நாள் வில்லா மெடூசாவிலேயே கண்மூடினார். அவ்வீடு பின்னர் அவர் நினைவில்லமாயிற்று.

எட்டாவது படத்தின் பிரதியொன்றைச் சட்டமிட்டு என் வீட்டுத் திண்ணைச் சுவரில் மாட்டியிருக்கின்றேன். அச்சட்டத்தின் பின்புறத்தில், பன்னிரண்டு இனங்களின் அந்தப் பட்டியலை என் கையால் எழுதி ஒட்டியிருக்கின்றேன். சித்திரம் பழக வரும் பிள்ளைகள் முதலிற் கூந்தலையே பார்ப்பர். இது எங்கள் கடற்கரைச் சொறியல்லவா என்று வியப்பர். அவர்கள் வரைந்து முடித்ததும் ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றித் திருப்பி அவர்கள் கையிற் கொடுப்பது என் வழக்கம்.